பின்னால் நடந்து வந்த பத்தாயிரம் மைல்

பழனி அடிவாரத்தில், நல்ல காலை வெயிலில், என் வீட்டுக்காரர் பின்பக்கமாக நடந்துகொண்டிருந்தார். இரண்டு கைகளும் பச்சை சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தன. கண்கள் முன்சக்கரத்தை விட்டு அசையவில்லை. பின்டயரில் காற்று இல்லாததால் சைக்கிள் தட்டுத் தட்டென்று தரையில் அடித்துக்கொண்டே அவரோடு பின்னால் வந்தது.

அவருக்கு முதுகில் கண் கிடையாது என்பதால் நான் முன்னே போய், "வழி விடுங்க, வழி விடுங்க" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் கார்த்திகை வேறு. அடிவாரம் முழுக்க பச்சைச் சேலையும் பச்சை வேட்டியுமாக இருந்தது.

ஒரு வீட்டு வாசலிலிருந்து ஒரு பெண் குடத்தோடு ஓடிவந்து, மஞ்சள் தண்ணீரை அவர் காலில் ஊற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஏம்மா, ஷூ நனையுதும்மா!" என்றார் இவர்.

"வேண்டுதல்னு வந்துட்டு ஷூவ மாட்டிக்கிட்டு நடக்கலாங்களா சாமி?" என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

பதில் சொல்ல அவருக்கு நேரமில்லை. முன்சக்கரத்து மைல் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் பின்பக்கமாக.

பித்தானுக்குச் சட்டை

சென்ற வாரம் இந்தத் தொடரில், கொடைக்கானலை ஒட்டிய எங்கள் வட்டக்கானல் வீட்டுக் கூரையில் குரங்கு குடியேறிய கதையைப் படித்துவிட்டு, "உங்கள் கணவர் ஏன் எந்த அத்தியாயத்திலும் வாய் திறப்பதில்லை?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். அவர் வாயைத் திறந்தால் மைல் கணக்குதான் வரும். கேட்டீர்கள், அனுபவியுங்கள்.

கொடைக்கானலில் வெளிநாட்டுக் குடும்பங்கள் ஊருக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களைப் புல்வெளியில் பரப்பி விற்பார்கள். மற்றவர்கள் கம்பளி வாங்குவார்கள், கெட்டில் வாங்குவார்கள். கல்யாணத்துக்கு முந்தைய தனபால், அதாவது என் வீட்டுக்காரர், ஒரு மைல் மீட்டரை வாங்கினார். அப்போது அவரிடம் சைக்கிள் கிடையாது. பித்தான் கிடைத்தது என்பதற்காகச் சட்டை தைக்கப் போகிற ஆள் அவர். மீட்டருக்குப் பொருத்தமான சக்கரத்தைத் தேடி, அந்தச் சக்கரம் இருந்த பழைய சைக்கிளை வாங்கினார்.

மீட்டர் என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். தீப்பெட்டியில் பாதி. முன்சக்கரத்தின் அச்சுப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதில் நட்சத்திரம் போல ஒரு குட்டிச் சக்கரம். போக்ஸ் கம்பியில் ஒரு முளை. சைக்கிள் சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் முளை வந்து நட்சத்திரத்தைத் தட்டும். டிக். அவ்வளவுதான் வித்தை.

முகத்தில் ஐந்து எண்கள். நான்கு கறுப்பு, கடைசி ஒன்று சிவப்பு. சிவப்பு, மைலில் பத்தில் ஒரு பங்கு. ஐந்தும் ஒன்பதாகி நின்று, பிறகு சேர்ந்தாற்போல் ஐந்தும் சைபராகத் திரும்பும்போது பத்தாயிரம் மைல் முடிந்தது என்று பொருள். நாடே கிலோமீட்டரில் ஓடும்போது எங்கள் வீடு மட்டும் மைலில் ஓடியது.

கொடைக்கானலிலேயே பெண் பார்த்திருந்தால் மாமனார் வீட்டுக்குப் போக எத்தனை மைல் சேரும்? அதனால்தான் மாப்பிள்ளை பழனியில் பெண் எடுத்தார் என்று என் அண்ணன் சொல்வார். நான் அதை நம்பவில்லை. முழுதாக நம்பாமலும் இல்லை.

தலை தீபாவளி

அண்ணன் சண்முகத்துக்கு அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை. எங்கள் கல்யாணத்துக்கு முன்பே அப்பா அதை அவர் கையில் கொடுத்துவிட்டார். எங்கள் தலை தீபாவளிக்கு மாப்பிள்ளை கொடைக்கானலிலிருந்து சைக்கிளில் இறங்கி வந்தார். நான் பஸ்ஸில் வந்தேன். புதுப்பெண்ணைக் கேரியரில் உட்கார வைத்தால் மீட்டருக்குப் பாரமாம்.

இலை போட்டு உட்கார வைத்தார்கள். இலையில் பஞ்சாமிர்தம் விழுந்தது. இவர் சாப்பிடாமல், வருகிற வழியில் எந்த வளைவில் எந்த எண் திரும்பியது என்று சொல்லத் தொடங்கினார். சொல்லிக்கொண்டே இருந்தார். சாம்பார் ஆறியது.

அண்ணன் விளையாட்டுக்காரர். "மாப்ள, இந்த டப்பா பத்தாயிரம் மைலு சுத்தவா போகுது? அஞ்சு சைபரும் வர்ற அன்னைக்கு என் கடை வாசல்ல மேளம் வைக்கிறேன்" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், புதுப்பெண் என்பதால் அடக்கமாக.

டப்பா என்ற சொல் இவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. கையிலெடுத்த பஞ்சாமிர்தத்தை இலையிலேயே வைத்தார். எழுந்தார்.

"சரிங்க மச்சான். அஞ்சு சைபரும் உங்க கடை வாசல்ல வர்ற அன்னைக்குத்தான் உங்க பஞ்சாமிர்தம் என் நாக்குல படும்."

கையைக் கழுவப் போய்விட்டார். தலை தீபாவளியில் மாப்பிள்ளை இலையை விட்டு எழுந்தால் அந்த வீட்டில் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அம்மா அழுதாள். அப்பா பட்டாசு வெடிக்க வேண்டாம் என்றார். நான் மாப்பிள்ளை இலையில் இருந்த பஞ்சாமிர்தத்தையும் சேர்த்துச் சாப்பிட்டேன். வீணாக்கக் கூடாது அல்லவா?

அதற்குப் பிறகு சண்டை ஒன்றும் இல்லை. போக்குவரத்து இருந்தது, கல்யாணம் காட்சிக்குச் சேர்ந்து போனோம். ஆனால் ஒவ்வொரு முறையும் அண்ணன் மறக்காமல் இவர் முன்னால் ஒரு கரண்டி பஞ்சாமிர்தத்தைக் கொண்டுவந்து நீட்டுவார். இவர் இலையின் மேல் உள்ளங்கையை விரித்து மூடுவார். அண்ணன் கரண்டியோடு உள்ளே போவார். அந்த ஒரு நொடி, ஒவ்வொரு தடவையும் நான் என் இலையையே பார்த்துக்கொள்வேன். இரண்டு பேருமே என் ஆட்கள்.

இதற்கிடையில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. அண்ணன் கடைப் பஞ்சாமிர்தம் வருடத்துக்கு வருடம் இனிப்பேறிக்கொண்டே போனது. மலைவாழைப்பழம் அதே பழம், நெய் அதே நெய், நாட்டுச் சர்க்கரை மட்டும் எங்கோ தாராளமாகிவிட்டது. பக்தர்கள் பிரசாதத்தைக் குறை சொல்ல மாட்டார்கள். வேலையாட்கள் முதலாளியைக் குறை சொல்ல மாட்டார்கள். நான் இலவசமாக டின் டின்னாக வாங்கிவருகிறவள், எனக்கென்ன வந்தது?

காது டாக்டர்

ஒரு ஆயுத பூஜைக்கு இவர் சைக்கிளைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, மீட்டருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். மற்ற வண்டிகளுக்கெல்லாம் ஒரு பொட்டு. மீட்டர் செல்லப்பிள்ளை என்பதால் அதற்குக் கை நிறைய அப்பினார்.

மறுநாளிலிருந்து முகம் வாடிப்போனார். கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்பினார். ஒருநாள் மெதுவாக என்னிடம் வந்து, "மரகதம், எனக்குக் காது போயிருச்சு" என்றார்.

"நான் பேசுறது கேக்குதுல்ல?"

"நீ பேசுறது கேக்குது. டிக் டிக்குதான் கேக்கல."

பழனியில் காது டாக்டரிடம் போனோம். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, காது புத்தம் புதிதாக இருக்கிறது என்றார். எந்தச் சத்தம் கேட்கவில்லை என்று கேட்டார். இவர் சொன்னார். டாக்டர் மாடியிலிருந்து கீழே வந்து, வாசலில் நின்ற சைக்கிளைத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றினார். சந்தனம் காய்ந்து நட்சத்திரத்தை அப்படியே இறுக்கிப் பிடித்திருந்தது. ஊசி முனையால் சுரண்டியதும், டிக்.

இவர் கண் கலங்கிவிட்டார். அந்த நாட்களில் ஓட்டிய மைல்கள் கணக்கில் ஏறாமலே போய்விட்டன. "சந்தனம் தின்ன மைலு" என்று வருடக்கணக்கில் அவற்றைப் பற்றிப் பேசினார்.

குறுக்கே நின்றவர்

எங்கள் ஊரில் காட்டுமாடு சாலைக்கு வரும். வந்தால் அதுதான் ஊர்த்தலைவர். நாம் ஒதுங்க வேண்டும். இவர் சைக்கிளை விட்டு இறங்கி, ஹேண்டிலைப் பிடித்தபடி, மாட்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டே மெல்ல மெல்லப் பின்னால் நகர்வார். அப்போது சக்கரமும் பின்பக்கம் சுற்றும். முளை நட்சத்திரத்தை எதிர்ப்பக்கம் தட்டும். மீட்டர் கழித்துக்கொள்ளும்.

"நேர்மையான மீட்டர். போகாத தூரத்தப் போனேன்னு சொல்லாது" என்பார். காட்டுமாட்டின் மேல் கோபமே கிடையாது. நான் அன்றைக்குச் சாயங்காலம் காபியில் சர்க்கரை போட மறந்தால் மட்டும் கோபம் வரும்.

எங்கள் வீட்டில் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விடுகிறோம். சைக்கிளோடு கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி வந்து தங்கினான். அவன் ஹேண்டிலில் ஒரு கண்ணாடிப் பெட்டி. வேகம், உயரம், இதயத் துடிப்பு, எரிந்த கொழுப்பு எல்லாம் சொல்லுமாம். இவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எல்லாஞ் சரி தம்பி. பின்னால உருட்டுனா கழிக்குமா?"

"இல்லீங்க அங்கிள். அப்பவும் கூட்டும்."

இவர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். அன்று ராத்திரி அவனுக்குத் தோசையில் ஒன்று கூடுதலாக வைக்கச் சொன்னார்.

இறக்கம்

போன வருடம் மீட்டரில் ஒன்பதுகள் கூடத் தொடங்கின. வீட்டில் பேச்சே மாறிவிட்டது. கொடைக்கானலிலிருந்து பழனிக்கு இறங்கும் தூரத்தை இவர் பத்தாயிரத்திலிருந்து கழித்து வைத்துக்கொண்டார். அதற்கு மேல் மிச்சமிருந்ததைத் தீர்க்க ஏரியைச் சுற்றினார். மழையில் சுற்றினார், பனியில் சுற்றினார். வேர்க்கடலை விற்கிறவர் பரிதாபப்பட்டு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று என்னிடம் விசாரித்தார்.

அண்ணனுக்குப் போன் போட்டார். "மச்சான், கார்த்திகையன்னைக்கு வர்றேன். மேளத்துக்குச் சொல்லிருங்க."

அண்ணன், "வெரசா வாங்க மாப்ள" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

கார்த்திகையன்று வெள்ளனே கிளம்பினோம். இவர் சைக்கிளில் முன்னால். நான் ராசுவின் ஜீப்பில் பின்னால். ராசு பண்ணைக்காட்டிலிருந்து அண்ணன் கடைக்கு வாழைத்தார் கொண்டுபோகிறவன். பெருமாள்மலை வரை நான் பஸ்ஸில் போய், அங்கே அவன் ஜீப்பில் ஏறிக்கொண்டேன். ஜீப்புக்குள்ளே தார், மேலே தார், நடுவில் நான்.

பாதி இறக்கத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவில் பின்டயர் வெடித்தது. குரங்குகள் எல்லாம் மரத்தின் மேல் ஏறிக்கொண்டன. இவர் ஓரமாகச் சாய்த்து இறங்கிவிட்டார். அடி ஒன்றும் இல்லை. டயர் மட்டும் வாயைப் பிளந்து கிடந்தது.

"ஒன்னுங் கெட்டுப்போகல. ஜீப்புல கீழ போயிருவோம். கொறையிற மைல அடிவாரத்தச் சுத்திச் சேத்துக்குவேன்" என்றார் இவர். குறைந்தால் சேர்க்கலாம், அவர் கணக்கு சரிதான்.

ராசு சைக்கிளைத் தலைகீழாக மேலே ஏற்றி, தார்ப்பாயை இழுத்துவிட்டான். முன்சக்கரம் சுற்றாமலிருக்கக் கயிற்றை எடுத்தான். இவர் தடுத்துவிட்டார். கயிறு பட்டால் மீட்டரின் நிக்கல் கீறிவிடுமாம். வாழை நாரைக் கிழித்துத் தானே பூப்போலக் கட்டினார்.

ஜீப்பில் ஏறியதும் தூங்கிப்போனார். என் தோளில் சாய்ந்து, வாய் திறந்து, நிம்மதியாக. எனக்குத்தான் தலைவலி.

"ராசு, அந்த இண்டிகேட்டர அணைப்பா. டிக்கு டிக்குன்னு தலைக்குள்ள அடிக்குது."

ராசு வளைவில் இருந்தான். "ம்" என்றான்.

இண்டிகேட்டர்

அடிவாரத்துக்கு முன்னால், தென்னந்தோப்புகள் தொடங்கும் இடத்தில் ஜீப் நின்றது. சத்தமும் நின்றது.

"இப்பவாவது அணைச்சியே, புண்ணியமாப் போச்சு" என்றேன்.

"என்னத்தக்கா?"

"இண்டிகேட்டரத்தான்."

"அக்கா, இந்த ஜீப்புல இண்டிகேட்டரே கெடையாதே."

இந்தப் பேச்சில் இவரும் விழித்துக்கொண்டார். மூன்று பேரும் இறங்கி, மெல்லத் தலையைத் தூக்கி மேலே பார்த்தோம். வாழை நார் அறுந்து தொங்கியது. தார்ப்பாயின் ஒரு முனை அவிழ்ந்து, மலை இறங்கிய காற்றில் சக்கரத்தை அடித்து அடித்துச் சுற்றிவிட்டிருந்தது. சக்கரம் இன்னும் சோம்பலாக ஆடிக்கொண்டிருந்தது. இவர் ஏறிப் பார்த்தார். நான்கு கறுப்பு சைபர். சிவப்பில் ஏழு.

ஐந்து சைபரும் வந்து போய்விட்டிருந்தன. தலைகீழாக, வாழைத்தார்களின் மேல், யாரும் பார்க்காமல்.

இவர் இறங்கிச் சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார். இன்னொரு பத்தாயிரம் மைலுக்கு அவர் முழங்காலும் இருக்காது, அண்ணனும் எவ்வளவு நாள் கரண்டியை நீட்டிக்கொண்டிருப்பார்? எனக்கு அழுகை முட்டியது. அந்தச் சனியன் பிடித்த மீட்டருக்காக அழுவேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

ராசு தலையைச் சொறிந்தான். "சார், கையால பின்னாடி சுத்தி விட்ருவோமா? யாருக்குத் தெரியப் போகுது?"

"ரோட்டுல உருளாம வந்தா அது சைபரா ராசு?" என்றார் இவர்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. "என்னங்க, எதுக்க காட்டுமாடு வந்தா என்ன செய்வீங்க?"

"பின்னால போவேன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். எழுந்தார். பின்பக்கத்து மண்ணைத் தட்டிக்கொண்டார். ஜீப்பில் வந்த மைல்களுக்கு என்ன பதில் என்று அவரே கேட்டு, அவரே பதிலும் சொன்னார். "சந்தனம் தின்ன மைலு இருக்குல்ல? அதுக்கு இது சரியாப் போச்சு!"

பழனியில் எதிலிருந்து எது எத்தனை தூரம் என்று அவருக்கு அத்துப்படி. அண்ணன் கடைக்கு இன்னும் சிவப்பில் ஏழு, அதாவது மைலில் பத்தில் ஏழு பங்கு, இருக்கும்போது ஒரு கரும்புச்சாறுக் கடை வரும். இந்தத் தடவை சக்கரத்தைக் கயிறு போட்டே கட்டி, அதுவரை ஜீப்பில் போனோம். அங்கே சைக்கிளை இறக்கி, பின்சக்கரம் அண்ணன் கடையைப் பார்க்க நிறுத்தினார். ஹேண்டிலைப் பிடித்தார்.

"நீங்களாச்சும் திரும்பி நேரா நடக்கலாம்ல சார்?" என்றான் ராசு.

"மீட்டர யாரு பாக்குறது?"

அரோகரா

அப்படித்தான் மஞ்சள் தண்ணீர் காலில் விழுந்தது.

"என்ன வேண்டுதலுங்கம்மா?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்.

"பத்தாயிரம் மைலுங்க" என்றேன். பொய் இல்லையே.

"பத்தாயிரம் மைலும் பின்னாடியேவா நடந்து வர்றாரு!"

இல்லை என்று நான் சொன்னது, எழும்பிய அரோகராவில் அமுங்கிவிட்டது. செய்தி எங்களை முந்திக்கொண்டு தெருவில் ஓடியது. கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. ஒருத்தி கைக்குழந்தையைக் கொண்டுவந்து விபூதி பூசச் சொன்னாள். "ஹேண்டில விட முடியாதும்மா" என்றார் இவர். அதையே ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டு போனாள். எங்கிருந்தோ இரண்டு இளவட்டங்கள் சேர்ந்து, தாங்களும் பின்பக்கமாக நடக்கத் தொடங்கினார்கள். ஒருவன் இளநீர் வண்டியில் மோதினான்.

அண்ணன் கடை வாசலில் பெரிய பிளெக்ஸ். "பத்தாயிரம் மைல் கண்ட எங்கள் மாப்பிள்ளையே வருக." படத்தில் தலை தீபாவளிக் காலத்து மாப்பிள்ளை, தலை நிறைய முடியோடு. மேளக்காரர்கள் தயாராக இருந்தார்கள். ஆனால் முகம் வரும் என்று பார்த்தால் முதுகு வருகிறது. எப்போது தொடங்குவது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

படிக்குப் பக்கத்தில், டிக்.

இவர் நின்றார். "மச்சான், வந்து பாருங்க."

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். "சைபர், சைபர், சைபர், சைபர். செவப்புலயும் சைபரு." மேளம் வெளுத்து வாங்கியது.

அது ஓய்ந்ததும் அண்ணன் கேட்டார். "ஆனா மாப்ள, ஏன் முதுகக் காட்டிக்கிட்டு வந்தீங்க?"

இவருக்குப் பொய் வராது. நான் கண்ணைக் காட்டியும் கேட்கவில்லை. "மச்சான், உண்மையச் சொல்லிர்றேன். மொத சைபரு ஜீப்பு மேலயே வந்து போயிருச்சு. உங்க வாழைத்தாருதான் பாத்துச்சு. வேற யாரும் பாக்கல. அதான் பின்னால வந்து திரும்பக் கொண்டாந்தேன். நீங்க ஒத்துக்கிட்டாத்தான் ஆச்சு."

அண்ணன், பின்னாலேயே வந்து நின்ற ராசுவின் ஜீப்பைப் பார்த்தார். தார்களைப் பார்த்தார்.

"என் பழந்தானே பாத்துச்சு? நான் பாத்த மாதிரிதான் மாப்ள."

உள்ளே போய்க் கரண்டியோடு வந்தார். இவர் ஹேண்டிலை என்னிடம் கொடுத்துவிட்டு, அந்த உள்ளங்கையை, எத்தனையோ இலைகளை மூடிய அதே கையை, குழித்து நீட்டினார். வாங்கினார். வாயில் போட்டார். கண்ணை மூடினார்.

கடை முழுக்க அவர் வாயையே பார்த்தது.

"மச்சான்," என்றார் மெல்ல, "இனிப்பு ரொம்பத் தூக்கலா இருக்கே?"

வேலையாட்கள் தரையைப் பார்த்தார்கள். அண்ணன் கரண்டியைப் பார்த்தார்.

"எனக்கெப்படித் தெரியும் மாப்ள? நீங்க எலைய விட்டு எந்திரிச்ச அன்னையிலேர்ந்து நானுந்தான் வாயில வைக்கல."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அண்ணனுக்கு மூக்கு சிவந்தது. பிறகு இவர் தன் உள்ளங்கையில் மிச்சமிருந்ததை விரலால் வழித்து அண்ணன் வாயில் வைத்தார். அண்ணன் சப்பினார். முகம் சுருங்கியது. இன்னொரு தடவை சப்பிப் பார்த்தார்.

"அட முருகா, இது என்ன கொடும! ஏலே, இத்தன வருசமா இதையா வித்தோம்? சர்க்கரப் பாகால்ல இருக்கு! ஒருத்தர் கூடவா எங்கிட்டச் சொல்லல?" வேலையாட்கள் பக்கம் திரும்பினார், ராசு பக்கம் திரும்பினார், கடைசியில் என் பக்கம் திரும்பினார். "ஏ மரகதம், நீயுமா சொல்லல?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாய் நிறையப் பஞ்சாமிர்தம் இருந்தது.